இன்னும் கொஞ்சம் சத்தமா வேணும்

காருக்கு ஹாரன் மாட்டுவது அரைமணி நேர வேலை. மாட்டி அனுப்பிய பிறகு அதை நினைத்துப் பயந்துகொண்டிருப்பதுதான் முழுநேர வேலை. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பத்தொன்பது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். கம்பெனி ஹாரன் போதவில்லை என்று வருகிறவர்களுக்கு அதைவிடச் சத்தமான ஹாரன் மாட்டிக் கொடுப்பதில்தான் என் பிழைப்பில் பாதி ஓடுகிறது.

மலையில் வண்டி ஓட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. வளைவுக்கு வளைவு ஹாரனை அமுக்கிவிட்டு, எதிரிலிருந்து பதில் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பீர்கள். நீங்கள் அமுக்கும்போது அது ஒலிக்க வேண்டுமே என்று கடையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவன் நான். நாம் ஒரே சாதிக்காரர்கள்.

பெருமாள்மலை வரைக்கும்

கடை போட்ட புதிது. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி கமிஷன் மண்டி வைத்திருப்பவர் ஒருவர் புதுக் காரில் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஜோடி ஹாரன் உடனே மாட்ட வேண்டும் என்றார். பெரிய ஹாரனுக்கு ரிலே வேண்டும். சுவிட்சின் மேல் பாரம் ஏறாமல் நடுவில் நின்று தாங்கிக்கொள்கிற சின்னக் கறுப்பு டப்பி அது. அன்றைக்குப் பார்த்து என்னிடம் ஒன்றுகூட இல்லை. சாயங்காலப் பஸ்ஸில்தான் திண்டுக்கல்லிலிருந்து வரும். "இதென்ன தம்பி ராக்கெட்டா? ரெண்டு ஒயர முறுக்கி விடு. வெரசா எறங்கணும், சோலி கெடக்கு" என்றார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். புதுக்கடை, முதல் பெரிய வாடிக்கை, முறுக்கி விட்டேன்.

கார் கிளம்பிப் போன பிறகு வாங்கிய டீயைக் குடிக்க முடியவில்லை. கீழே இறங்குகிற பாதையில் வளைவுக்கு வளைவு அமுக்குவார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அந்த மெல்லிய ஒயர் சூடாகும். பின் சீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். கடையைப் பூட்டாமலே பைக்கை எடுத்துவிட்டேன். இறங்க இறங்க, கீழே எங்கோ ஒரு வளைவிலிருந்து நான் மாட்டிய ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கிறவரை கார் போய்க்கொண்டிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. அடுத்த இரண்டு வளைவை எப்படிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது.

பெருமாள்மலையில் பழக்கடை முன்னால் கார் நின்றிருந்தது. பிள்ளைகள் பேரிக்காய் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாரன் தானாகவே அடங்கிவிட்டதாம். பானெட்டைத் திறந்து ஒயரைத் தொட்டேன். மேலுறை சூயிங்கம் மாதிரி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் பழைய ஹாரனை இணைத்துக் கொடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒயரு உருகுனதுக்குக்கூட நான் பயப்படல. நீ மூஞ்சி வெளுத்துப்போயி தொரத்திக்கிட்டு வந்த பாரு, அதப் பாத்துத்தான் எனக்குக் கொல நடுங்கிப்போச்சு."

பஸ் ஹாரன் கேட்டவர்

பஸ்ஸில் அலறுகிற ஏர் ஹாரனைக் காரில் மாட்டச் சொல்லி மாதத்துக்கு ஒருவராவது வருவார். சட்டப்படி கூடாது, அதையும் தாண்டி, வளைவில் பின்னாலிருந்து அது ஒலித்தால் டூவீலரில் போகிறவர் பதறிப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடுவார் என்கிற பயம் எனக்கு. ஒரு தடவை பழனியிலிருந்து வந்த ஒருவரிடம் இதையெல்லாம் விளக்கி, அதைவிடச் சின்னதைக் காட்டினேன். அதற்கும் சின்னது போதுமா என்று கேட்டேன். முடிவில் கம்பெனி ஹாரனே உங்களுக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வண்டியில் ஏறும்போது சொன்னது: "அண்ணே, போர்டுல ஹாரன் கடைன்னு எழுதியிருக்கீங்க, உள்ள வந்தா ஆஸ்பத்திரி மாதிரி சத்தம் போடாதீங்கன்னு சொல்றீங்க."

துஷ்டி வீட்டு வாசலில்

டாக்ஸி ஓட்டுகிற அந்தோணிக்கு ஒரு மழைக்காலத்தில் புது ஹாரன் மாட்டினேன். இடம் இல்லாததால் ரிலேயைத் தலைகீழாகத் திருகிவிட்டேன். தண்ணீர் தேங்கும் என்று தெரியும். அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியும் அனுப்பினேன். அடுத்த வாரம் வரும்முன் பேத்துப்பாறையில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் இறந்துபோனார். துஷ்டி கேட்கப் போன அந்தோணி, சாவு வீட்டு முன்னால் ஓரமாக நிறுத்த ஒரே ஒரு தடவை லேசாக ஹாரனைத் தட்டியிருக்கிறார். உள்ளே ஈரம் பட்ட ரிலே அப்படியே ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் ஹாரன் நிற்கவில்லை.

எனக்குப் போன் வந்தது. எடுத்ததும் ஹாரன் சத்தம்தான் முதலில் கேட்டது. "பானெட்டத் தொற! கறுப்பு டப்பிய உருவு!" என்று நான் கத்த, "என்னது? என்னது?" என்று அவர் கத்த, என் குரல் அவருக்குக் கேட்காதபடி நான் மாட்டிய ஹாரனே முழங்கிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டுப் பைக்கில் கிளம்பினேன். வழியெல்லாம் அழுதுகொண்டிருக்கிற ஜனத்தின் முகம்தான் மனசில் வந்தது. யார் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அமைதியாக இருந்தது. யாரோ மண்வெட்டிக் காம்பால் ஓங்கி ஒன்று வைத்ததில் ரிலே நொறுங்கி, ஹாரன் அடங்கியிருந்தது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். யாரும் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் இறந்தவரின் மனைவி, அழுது வீங்கிய கண்ணோடு, என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "விடுப்பா. இருந்தவரைக்கும் அவரு கத்துன கத்துக்கு ஊரே அடங்கிக் கெடந்துச்சு. சும்மா சத்தமில்லாமப் போனா அவருக்கே பொறுக்காது."

கேட்டுக்கு முன்னால் நின்றது

ஷீலா மேடம் ஸ்கூலில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். இப்போது வீட்டு மாடியில் டூரிஸ்ட்டுகளைத் தங்கவைக்கிறார். "டெய்லி ஈவினிங் ஒரு காட்டெருமை என் கேட் முன்னாடி வந்து நிக்குது. கார உள்ள கொண்டுபோக முடியல. நல்ல லவுடா ஒரு ஹாரன் போடுங்க, ஓட்டிவிட்டுடலாம்" என்றார். வேண்டாம் மேடம், அதுவாகப் போகட்டும் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் போடாவிட்டால் வத்தலக்குண்டில் போட்டுக்கொள்கிறேன் என்றார். அங்கே யாரோ போட்டு என்னவோ ஆவதைவிட நானே போட்டுப் பக்கத்தில் இருப்பது மேல் என்று பட்டது. மாட்டிவிட்டு, "இன்னைக்கு மட்டும் நானும் கூட வர்றேன்" என்று ஏறிக்கொண்டேன்.

ஐந்து மணி இருக்கும். சொன்னபடியே அது கேட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. காரைவிட உயரம். வாலை ஆட்டிக்கொண்டு வேலியோரப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. "மேடம், கொஞ்சம் பொறுங்க" என்று நான் வாயைத் திறப்பதற்குள் அமுக்கிவிட்டார். அது ஓடவில்லை. மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தியது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பியது போல நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது.

பானெட்டின் மேல் மூக்கை வைத்து மோந்தது. அதன் மூச்சில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. மேடத்தின் கை இன்னும் ஹாரன் மேலேயே இருந்தது; தவறிப்போய் இன்னொரு தடவை அமுங்கிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் மணிக்கட்டை மெல்லப் பிடித்து ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து என் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பத்து நிமிஷமோ, கால் மணியோ, இரண்டு பேரும் எச்சில்கூட விழுங்கவில்லை. பிறகு காரை ஒரு உரசு உரசிவிட்டு அது சரிவில் இறங்கிப் போயிற்று. கதவு ஒடுங்கியிருந்தது. மேடம் தன் கையை விடுவித்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, டீச்சர் குரலில் சொன்னார்: "ஹாரன் எக்ஸலன்ட்டா கேக்குது. நாளைக்குக் காலைல வந்து கழட்டிடுங்க."

போளூர்க்காரர்

கொடைக்கானல் மேல்மலைப் போளூரில் வெள்ளைப்பூண்டு விவசாயம் பார்க்கிற சின்னக்காளை அண்ணன் ஒருநாள் வெள்ளனே கடை திறக்கும்போதே வந்து நின்றார். பழைய வெள்ளைக் கார். வயது அறுபதுக்கு மேல். "ஹாரன் செத்துப்போச்சு தம்பி. போன வாரம் கவுஞ்சி தாண்டி ஒரு வளைவுல லாரி முட்டுற மாதிரி வந்துட்டான். நான் அடிச்சது அவனுக்குக் கேக்கல. எறங்கி வந்து அந்தக் கத்துக் கத்துறான்" என்றார். அமுக்கிப் பார்த்தேன், பழைய ஹாரன் நன்றாகவே ஒலித்தது. ஆனாலும் லாரி என்று சொன்ன பிறகு அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஜோடி ஹாரன் மாட்டிக் கொடுத்தேன். அடித்துப் பார்த்துவிட்டு, முன்னைக்குப் பரவாயில்லை என்று போனார்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். "சத்தம் கொறஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்சம் சத்தமா வேணும்." ஒயர், எர்த், ரிலே எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சரி என்று, சட்டத்துக்கு உட்பட்டதில் என்னிடம் இருந்த பெரியதை மாட்டினேன். அவர் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து அமுக்கினார். பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கிற ஜெயசீலன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். சின்னக்காளை அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏதோ தூரத்தில் கேட்கிற கோயில் மணியைக் காது கொடுத்துக் கேட்கிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

இறங்கி ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னாலிருந்து "அண்ணே, சாவி வண்டியிலயா?" என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்று தடவை கேட்டேன். அப்போது அவருக்குப் பத்தடி பின்னால் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. தெருநாய் எழுந்து ஓடியது. அவர் திரும்பவே இல்லை. இத்தனை பார்த்தும், சொல்ல வாய் வராமல் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கார் போன பிறகு ஜெயசீலன் மெதுவாகச் சொன்னார்: "டெஸ்ட்ல உன் ஹாரன் பாஸுப்பா. ஃபெயிலானது அவரு காது."

ஒன்பது மிஸ்டு கால்

அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டேனே என்பதுதான் வேலை செய்யும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் மத்தியானம், மன்னவனூர் பக்கம் ஒரு வெள்ளைக் கார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டதாம் என்று டாக்ஸி ஸ்டாண்டில் பேச்சு. சின்னக்காளை அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பத் திரும்ப ஒன்பது தடவை போட்டேன். பத்தாவது தடவை ஒரு பெண் குரல். அவருடைய மனைவி அழகம்மாள் அக்கா. "அவரு தோட்டத்துல தண்ணி பாய்ச்சுறாரு. போன் அவரு பையிலதான் கெடந்துச்சு, அடிச்சது கேக்கல போலருக்கு. சோறு கொண்டாந்த நான்தான் எடுத்தேன்." நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கியது யாரோ டூரிஸ்ட் கார், வாய்க்காலோடு நின்றுவிட்டது, யாருக்கும் அடியில்லை என்பது பிறகு தெரிந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவரே சொன்னார். அன்றைக்கு வளைவில் லாரி டிரைவர் இறங்கி வந்து கத்தியது, "எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறேன், காது கேக்கலயா?" என்றுதான். இவர் அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு, தன் ஹாரனில்தான் குறை என்று என்னிடம் வந்திருக்கிறார். செவிடு என்று சொன்னால் மனசு உடைந்துபோவார் என்று அக்கா ஒன்றரை வருஷமாக மறைத்து வைத்திருக்கிறார். எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் தானும் ஏறிக்கொள்வாராம்; என் கடைக்கு வந்த இரண்டு தடவையும் மார்க்கெட்டில் இறங்கிக்கொண்டாராம். பின்னால் வண்டி வந்தால் தொடையில் ஒரு கிள்ளு, எதிரில் வந்தால் தோளில் ஒரு தட்டு. "கோட்டி புடிச்சவளாட்டம் எதுக்குடி கிள்ளிக்கிட்டே வர்ற" என்று திட்டிக்கொண்டே அவரும் ஒதுங்கிக் கொடுப்பாராம்.

"இப்ப என்ன செய்யன்னு தெரியல தம்பி" என்றார் அக்கா. மகளுக்குப் பேறுகாலம், வருகிற திங்கட்கிழமை ஒட்டன்சத்திரம் போனால் திரும்ப மூன்று மாசம் ஆகும். அதற்குள் பூண்டு எடுத்துவிடுவார்கள். அதை விற்க அவர் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு அலைய வேண்டிவரும். போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் இல்லாத நாளைக்கு அவரக் கிள்ளுறதுக்கு ஆளு யாரு தம்பி?"

கையைத் தூக்குங்க அண்ணே

சனிக்கிழமை, ஹாரன் செக் பண்ண வேண்டும் என்று பொய் சொல்லி அவரை வரவழைத்தோம். அக்காவும் கூட வந்தார். சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொண்டவர், முகம் சிவந்து எழுந்துவிட்டார். "நானா செவிடு? உனக்கு ஒழுங்கா ஹாரன் மாட்டத் தெரியல, என்னச் செவிடுங்கிறியா? சாவியக் குடு." ஜெயசீலன் குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு டெஸ்ட், அதில் நீங்கள் ஜெயித்தால் நான் கடையை மூடிவிடுகிறேன் என்று சைகையும் கத்தலுமாகச் சொன்னேன்.

மலையைப் பார்த்து அவரை உட்காரவைத்தோம். ஹாரன் கேட்கும்போது கையைத் தூக்க வேண்டும். அவருக்குப் பின்னால் அவர் காரிலேயே உட்கார்ந்து நான் அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கை மேலே வரவில்லை. நான்காவதை நீளமாக அமுக்கினேன். அக்கா அழுதுகொண்டே காதைப் பொத்திக்கொண்டார், எதிர்க்கடையில் சாமான் வாங்குகிறவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். என்ன, ஆரம்பிக்கவே இல்லையா என்று கேட்பது போல அவர் திரும்பினார். என் கை ஹாரன் மேல் இருந்தது. அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் கையை எடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அத்தனை வெட்கப்பட்டுக்கொண்டு செய்த வேலை வேறு இல்லை. கடைசியில் அக்காவைப் பார்த்து, "அதுக்குத்தான் கிள்ளுனியா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவர் காரை நானே ஓட்டிக்கொண்டு இறங்கினேன். அக்காவை மகள் வீட்டில் விட்டுவிட்டுத் திண்டுக்கல் காது டாக்டரிடம் போனோம். நரம்பு ரொம்பவே தேய்ந்திருக்கிறது, ஆனாலும் மெஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். மெஷின் கைக்கு வரும்வரை ஸ்டீரிங்கைத் தொடமாட்டேன் என்று அவராகவே சொல்லி, காரையும் சாவியையும் என் கடையிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஊர் போனார். அந்த மூன்று வாரமும் ஆணியில் தொங்கிய அந்தச் சாவியைப் பார்க்கிறபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு ஒருநாள் இரண்டு காதிலும் மெஷினோடு வந்தார். நான் பின்னாலிருந்து "அண்ணே" என்றேன். சட்டென்று திரும்பிச் சிரித்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், அழுகிறது போனிலேயே கேட்கிறது என்றார். காரில் ஏறி, வழக்கம்போல உள்ளங்கையை முழுசாக வைத்து ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார். அடுத்த நொடி தலை கூரையில் இடிக்கத் துள்ளி, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏலே தம்பி, இதயா நான் இத்தன நாளா ஊரு பூரா ஊதிக்கிட்டுத் திரிஞ்சேன்? கழட்டுப்பா, மொத வேலையா அதக் கழட்டு!"

இப்போதெல்லாம் சத்தம் பத்தவில்லை என்று யார் வந்தாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். திரும்பிவிட்டால் எனக்கு அரைமணி நேர வேலை, திரும்பாவிட்டால் மூன்று வாரத் தூக்கம் போச்சு.